உபதேசியாரின் வரலாற்றை எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் கேரள எல்லைப் பக்கத்தில் ஏதாவது ஒரு சபை நூறாவது ஆண்டு, நூற்றைம்பதாவது ஆண்டு என்று கொண்டாடிக்கொண்டே இருக்கிறது. விழா மலரின் முதல் கட்டுரை பெரும்பாலும் சபையை நட்ட ஊழியரின் வாழ்க்கையாக இருக்கும். இப்படிச் சில மலர்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். ஒரே வகைத் தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

இவற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, வெளிநாட்டு மிஷனெரியை எழுதிவிட்டு, சபையை நடத்திய உள்ளூர் ஊழியரான உபதேசியாரை விட்டுவிடுவது. மயிலாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். அவரை இங்கே வரவழைத்தவர் மயிலாடிக்காரரான மகாராசன். தஞ்சாவூருக்குப் போன இடத்தில் சுவிசேஷத்தைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் ஆனவர். ரிங்கல்தௌபே உடல்நலம் கெட்டு 1816-இல் புறப்பட்டுப் போனார். அடுத்த மிஷனெரி சார்லஸ் மீட் 1818-இல்தான் வந்தார். நடுவில் சபைகளைக் கவனித்தவர் அதே வேதமாணிக்கம். மலர்களிலோ ரிங்கல்தௌபே பத்திக்கு அடுத்த பத்தி நேராக மீட் வருகையில் தொடங்கிவிடும். உங்கள் ஊர்ச் சபையிலும் இப்படி ஒரு இடைவெளி இருக்கும். அந்த வருடங்களில் ஞாயிறு ஆராதனை நடத்தியது யார், ஓலைப் பள்ளிக்கூடத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தது யார் என்று தேடுங்கள்.

இன்னொன்று. ரிங்கல்தௌபே கப்பலேறிப் போன பிறகு அவருக்கு என்ன ஆனது என்பதற்கு உறுதியான பதிவு இல்லை. கட்டுரைக்கு முடிவு வேண்டுமே என்று அவருக்கு ஒரு மரணத்தை நாமே எழுதிக் கொடுக்கக் கூடாது.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். மகாராசனும் வேதமாணிக்கமும் ஒரே ஆள் என்பது தெரியாமல் இருவராக எழுதிய கட்டுரையைத் திருத்தியிருக்கிறேன். ஞானஸ்நானத்துக்கு முந்தைய பெயர், பிந்தைய பெயர், வீட்டுப் பெயர் மூன்றையும் முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கொல்லம் ஆண்டு, அதாவது திருவிதாங்கூரில் வழங்கிய மலையாள ஆண்டுக் கணக்கு. பழைய கல்லறைகளிலும் நில ஆவணங்களிலும் இந்தக் கணக்குத்தான் இருக்கும். ஒரு உபதேசியாரின் கல்லறையில் பாசி மூடிக் கிடந்தது. தண்ணீர் ஊற்றித் தேங்காய்த் தொண்டால் தேய்த்தோம். ‘1044 ஆவணி’ என்று மெல்லத் தெரிந்தது. மலரில் 1869 என்று அச்சாகியிருந்தது. 825-ஐக் கூட்டினால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து 825. ஆக அவர் இறந்தது 1868. ஒரு வருடம்தானே என்று விட முடியாது. அவர் இறந்த பிறகு அவரே ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்தியதாக ஒரு குடும்பத்தை அந்தக் கட்டுரை சொல்லிக்கொண்டிருந்தது.

எல்லைக் குழப்பம் எங்கள் பக்கத்துக்கே உரியது. ‘1900-இல் குழித்துறையிலிருந்து கேரளாவுக்குப் போய் ஊழியம் செய்தார்’ என்று எழுதுகிறார்கள். அன்று குழித்துறையும் திருவிதாங்கூர், பாறசாலையும் திருவிதாங்கூர். விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டது. அந்த ஊழியர் எந்த எல்லையையும் தாண்டவில்லை, பக்கத்து ஊருக்கு நடந்து போனார், அவ்வளவுதான். அதே மாதிரி, 1947 செப்டம்பர் 27-க்கு முன்னால் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்று ஒரு திருச்சபை கிடையாது. அந்தக் காலத்து ஊழியரை லண்டன் மிஷன் ஊழியர் என்றே எழுதுங்கள்.

பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தை ஒரே ஒரு ஊழியரின் சாதனையாக எழுதுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். மிஷனெரிகள் துணை நின்றார்கள், மனு எழுதினார்கள், உண்மைதான். ஆனால் 1859 ஜூலை 26-இல் அரச அறிவிப்பு வரும்வரை சந்தையிலும் தெருவிலும் அடியும் அவமானமும் பட்டது பெண்கள். அதை மறைத்து ஊழியருக்குப் பெருமை சேர்க்க வேண்டிய தேவை இல்லை.

அற்புதங்களைப் பற்றி எழுதத் தயக்கம் வேண்டாம். ஜெபத்தை நானும் நம்புகிறேன். ஆனால் யார் சொன்னது, யார் பார்த்தது என்பதைச் சேர்த்து எழுதுங்கள். காட்டுப் பாதையில் புலி வழிவிட்டு ஒதுங்கிய கதையை மூன்று மலர்களில் மூன்று ஊழியர்களின் பெயரில் படித்தேன். சொற்கள்கூட மாறவில்லை. கடைசியில் உண்மையாகவே அதைக் கண்டவரின் சாட்சிக்கும் மதிப்பில்லாமல் போகிறது.

கடைசியாக, ‘உபதேசியாரின் மனைவி’ என்று மட்டும் எழுதி நிறுத்துவது. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்தவர், சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கைக்கு எடுத்து வைக்கச் சொல்லிக் கொடுத்தவர் பெரும்பாலும் அவர்தான். பெயர் யாருக்கும் நினைவில்லை என்பார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பிள்ளைகளின் பதிவைப் பாருங்கள், பெற்றோர் பெயர் இருக்கும். ஒரு சபையில் அப்படித் தேடினோம். பக்கங்கள் அப்பளம் மாதிரி நொறுங்கின, கத்தி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஆறு பிள்ளைகளின் பதிவிலும் தாயின் பெயர் ஒரே கையெழுத்தில் இருந்தது: ஞானப்பூ. அடக்கப் பதிவேட்டில் அந்த ஆறு பேரில் இருவர் ஒரே வாரத்தில் இருந்தார்கள். காரணம் என்ற இடத்தில் ‘வாந்திபேதி’. அடுத்த ஞாயிறும் காணிக்கைக் கணக்கில் கைப்பிடி அரிசி வரவு வைக்கப்பட்டிருந்தது.