மதுரைக்கு ரெண்டு நாள் டூர் வர்றீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிராதீங்க

சனி ஞாயிறு லீவுல மதுரைக்கு வர்றவங்க போடுற பிளான் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. காலையில நிதானமா எந்திரிச்சு டிபன் சாப்பிட்டு பத்து மணிக்கு திருமலை நாயக்கர் மஹால், அத முடிச்சு பதினொன்றரைக்கு மேல மீனாட்சி அம்மன் கோயில், மத்தியானம் சாப்பிட்டு அழகர் கோயில். பேப்பர்ல பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா பன்னண்டரை மணி வாக்குல மீனாட்சி கோயில்ல நடை சாத்திருவாங்க, திரும்ப நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க, நீங்க வரிசையில பாதி தூரம் கூட போயிருக்க மாட்டீங்க. சரின்னு அழகர் கோயிலுக்கு வண்டிய விட்டா அங்கயும் மத்தியானம் நடை சாத்தித்தான் இருக்கும். குழந்தைகளையும் வயசானவங்களையும் வச்சுக்கிட்டு வெயில்ல ரெண்டு மூணு மணி நேரம் உக்காந்திருக்கிற குடும்பங்கள வாராவாரம் பாக்கலாம், பாக்கவே கஷ்டமா இருக்கும்.

அதனால ரூம் புக் பண்றதுக்கு முன்னாடியே ஒண்ண முடிவு பண்ணிக்கோங்க, மதுரையில நடை தொறந்திருக்குற நேரம் கோயிலுக்கு, நடை சாத்துற நேரம் மஹாலுக்கும் காந்தி மியூசியத்துக்கும். கோயில் விடியக்காலம் அஞ்சு மணி வாக்குல தொறந்துரும், ஆறு மணிக்கெல்லாம் உள்ள இருந்தீங்கன்னா கூட்டமும் கம்மி, கல்தரையும் ஜில்லுன்னு இருக்கும், அம்மன நின்னு பாக்கலாம். மஹால் காலை ஒம்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் இருக்கு, அத மத்தியானம் வச்சுக்கிட்டா போதும்.

இன்னொண்ணு, ராத்திரி ஏழு மணிக்கே தரிசனம் முடிஞ்சதுன்னு சாப்பிடப் போயிருவாங்க. மதுரையில பரோட்டா கடை நடுராத்திரி வரைக்கும் இருக்கும், சாப்பாடு எங்கயும் ஓடிப்போகாது. ராத்திரி பள்ளியறை பூஜைக்கு இருங்க. சுவாமி சன்னதியில இருந்து வெள்ளிப் பாதுகைய பல்லக்குல வச்சு, மேளதாளத்தோட அம்மன் சன்னதி பள்ளியறைக்கு எடுத்துட்டு போவாங்க, மீனாட்சி வீட்டுக்கு சொக்கர் வர்றார். மதுரைன்னா என்னன்னு அந்த அரை மணி நேரத்துல புரியும், பகல்ல நாலு தடவ சுத்துனாலும் அது கிடைக்காது.

உள்ள போற விதத்துலயும் நெறைய பேர் தப்பு பண்றாங்க. கிழக்கு கோபுரம் பெரிசா தெரியுதுன்னு நேரா அது வழியா சுவாமி சன்னதிக்கு போயிர்றாங்க. எங்க ஊர்ல முதல்ல அம்மன், அப்புறந்தான் சுவாமி. பக்கத்துலயே இருக்குற அஷ்டசக்தி மண்டபம் வழியா போனா பொற்றாமரைக் குளம் வந்து நேரா மீனாட்சி சன்னதிக்கு போயிரலாம். அங்கிருந்து சுவாமி சன்னதிக்கு போற வழியிலதான் முக்குறுணிப் பிள்ளையார், வண்டியூர் தெப்பக்குளம் வெட்டுறப்ப கிடைச்சவர்னு சொல்வாங்க. சுவாமி சன்னதியில வெள்ளியம்பலத்த தயவுசெஞ்சு விட்டுறாதீங்க, மத்த ஊர்ல நடராஜர் இடது கால தூக்கி ஆடுவார், இங்க வலது கால தூக்கி ஆடுறார். பாண்டிய ராஜா கேட்டதுக்காக கால் மாத்தி ஆடுன கதைய குழந்தைகளுக்கு அங்கயே நின்னு சொல்லுங்க. ஆயிரங்கால் மண்டபத்துல உண்மையில 985 தூண் இருக்கு, உள்ளயே மியூசியமும் இருக்கு, இதுக்கு மட்டுமே முக்கா மணி நேரம் ஒதுக்குங்க.

இப்ப செருப்பு விஷயம். சின்ன விஷயம்தான், ஆனா மத்தியானத்த பாழாக்குறது இதுதான். நாலு பக்கமும் கோபுரம், உள்ள இருந்து பாத்தா வெளியூர்க்காரங்களுக்கு எல்லாம் ஒண்ணு போலத் தெரியும், கிழக்க செருப்ப விட்டுட்டு மேற்க வெளிய வந்தீங்கன்னா பாதி சித்திரை வீதிய வெறுங்கால்ல சுத்தணும், பன்னண்டு மணி வெயில்ல அந்தக் கல்லு கொதிக்கும், குழந்தைங்க அழுதுரும். அதனால செருப்பு விடுறப்பவே எந்த கோபுரம்னு பேர வாய்விட்டு சொல்லி எல்லாரும் மனசுல வச்சுக்கோங்க, போனும் அதே வாசல்ல குடுத்து டோக்கன் வாங்கிக்கோங்க. 2018 பிப்ரவரில வீரவசந்தராயர் மண்டபத்துல தீ விபத்து நடந்ததுக்கு அப்புறம் உள்ள செல்போன் கொண்டு போகவே முடியாது. போன் இல்லாம கூட்டத்துல பிரிஞ்சுட்டா தேடுறது ரொம்ப கஷ்டம், அதனால உள்ள போறதுக்கு முன்னாடியே பொற்றாமரைக் குளத்துப் படின்னு ஒரு இடத்த பேசி வச்சுக்கோங்க. ஷார்ட்ஸ் போட்டு வந்தா விட மாட்டாங்க, வேட்டியோ பேன்ட்டோ, பெண்கள்னா சேலை சுடிதார், அதோட வந்துட்டா பிரச்சனை இல்ல.

கோபுர வாசல்ல "மாடில இருந்து ஃப்ரீயா கோபுரம் பாக்கலாம் வாங்க"ன்னு கூப்பிடுவாங்க. மாடிக்கு கூட்டிட்டு போவாங்க, எறங்கி வர்ற வழி பூரா கடையா இருக்கும். வாங்குறதுன்னா போங்க, நேரம் இல்லைன்னா வேணாம்னு சொல்லிட்டு நடைய கட்டுங்க.

எப்ப வர்றதுங்கிறதும் முக்கியம். மார்கழி தை மாசம் வெயில் இல்லைன்னு வர்றாங்க, ஆனா அப்பத்தான் ஐயப்ப சாமிமாரும் சிவப்பு சேலை கட்டுன ஓம்சக்தி பக்தர்களும் பஸ் பஸ்ஸா வருவாங்க, வரிசை வெளிய வரைக்கும் நிக்கும். முடிஞ்சா செவ்வாய் வெள்ளி விட்டுட்டு வேற வார நாள்ல வாங்க. சித்திரைத் திருவிழா நேரத்துல மஹால் பாக்க, கடை பாக்கன்னு வராதீங்க. அழகர் ஆத்துல எறங்குறத பாக்கணும்னு வாங்க, அதுக்கு மட்டுமே வாங்க. அந்த நேரம் ரூம் கிடைக்கிறதும் கஷ்டம், ஊருக்குள்ள வண்டி ஓட்டுறதும் கஷ்டம்.

திருமலை நாயக்கர் மஹால் பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லணும், ஏன்னா ஜனங்க ஏமாந்து போயிட்டோம்னு சொல்ற எடம் இதுதான். மைசூர் அரண்மனை மாதிரி சிம்மாசனம், சரவிளக்கு, ரூம் ரூமா சாமான்னு நெனச்சு வர்றாங்க, உள்ள வெறும் தூணும் வளைவும் இருக்கவும் கால் மணி நேரத்துல செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிர்றாங்க. 1636ல கட்டி முடிச்ச அரண்மனையில இப்ப நாம பாக்குறது கால்வாசிதான், அவரோட பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகர திருச்சிக்கு கொண்டு போனப்ப பெரும்பகுதிய பேத்து எடுத்துட்டுப் போயிட்டதா சொல்றாங்க. மிச்சமிருந்ததும் விழுந்துரும்ங்கிற நெலமையில, மெட்ராஸ் கவர்னரா இருந்த நேப்பியர் 1866ல இருந்து 1872 வரைக்கும் ரிப்பேர் பண்ண வச்சார். இத தெரிஞ்சுக்கிட்டு சொர்க்க விலாசத்துக்கு நடுவுல நின்னு மேல அண்ணாந்து பாருங்க, பெரிய தூணுக்கு மேல தூண்ல இருந்து தூணுக்கு வளைஞ்சு போற சுதை வேலை, அதுல யாளியும் பூவும். தூண்ல மின்னுறது மேல பூசுன சுண்ணச்சாந்து. அதுல போய் சாவிய வச்சு பேரக் கீறுறாங்க பாருங்க, அதப் பாக்க வயிறு எரியுது. ஒரு தடவ கீறுனா பழைய சாந்து பேந்து வந்துரும், அதே மாதிரி திரும்ப பூசவே முடியாது. உங்க கூட வர்ற பசங்கள தயவுசெஞ்சு கண்டிச்சு வைங்க. ஒலி ஒளி காட்சி அன்னைக்கு உண்டா, தமிழ் காட்சி எத்தன மணிக்குன்னு டிக்கெட் கவுண்டர்லயே கேட்டுக்கோங்க.

மஹால விட்டு வெளிய வந்ததும் அரண்மனை முடிஞ்சதுன்னு ஆட்டோ ஏறிராதீங்க. விளக்குத்தூண் பக்கம் நடந்து வந்து பத்துத்தூண் சந்து எங்கன்னு கேளுங்க, ஜவுளிக்கடைக்கு நடுவுல பத்து பெரிய கல்தூண் கூரை இல்லாம வரிசையா நிக்கும், அதுவும் நாயக்கர் அரண்மனையோட மிச்சம்தான். துணி மூட்டை எறக்குறவங்க அதுல சாஞ்சு நின்னு டீ குடிப்பாங்க. அந்தக் காலத்துல அரண்மனை எவ்வளவு தூரம் பரந்து இருந்திருக்கும்னு அங்க நின்னாத்தான் உறைக்கும். டிக்கெட் கிடையாது. அங்கிருந்து ஜிகர்தண்டாவும் பக்கம்தான். அதே நாயக்கர் ஆரம்பிச்சு முடிக்காம விட்ட ராயகோபுரம், கோயில் கிழக்கு கோபுரத்துக்கு எதிர்ல இருக்குற புதுமண்டபத்துக்கு கிழக்க நிக்குது, அடிப்பகுதி மட்டும்தான் இருக்கு, அதையும் ஒரு எட்டு பாத்துருங்க.

காந்தி மியூசியம் இருக்குற கட்டிடமும் ஒரு அரண்மனைதான், ராணி மங்கம்மாளோட தமுக்கம் அரண்மனை. சுடப்பட்டப்ப காந்தி உடுத்தியிருந்த ரத்தம் படிஞ்ச துணி உள்ள இருக்கு. லீவு நாள் விசாரிச்சுட்டு மத்தியானம் போங்க. வண்டியூர் தெப்பக்குளத்துக்கு சாயங்காலம் போதும், தெப்பம் ஓடுறத பாக்கணும்னா தைப்பூசத்துக்குத்தான் வரணும்.

திருப்பரங்குன்றத்தையும் அழகர் கோயிலையும் ஒரே காலையில முடிக்கப் பாக்குறதும் தப்பு, ஒண்ணு ஊருக்கு தெற்க, இன்னொண்ணு வடக்க 21 கிலோமீட்டர். அழகர் கோயில ஒரு காலைக்கு வைங்க, முதல்ல மேல பழமுதிர்சோலையும் நூபுரகங்கையும், எறங்கி வந்து அழகர், பதினெட்டாம்படி கருப்பு. பிரசாத தோசை வாங்காம வராதீங்க, கையில பிளாஸ்டிக் பை மட்டும் தொங்க விடாதீங்க, குரங்கு பிடுங்கிரும். பரங்குன்றம் சாயங்காலத்துக்கு. அங்க மூலவர் மலையிலயே குடைஞ்சவர், அதனால அபிஷேகம் வேலுக்குத்தான், மூலவருக்கு அபிஷேகம் பாக்கணும்னு காத்திருக்காதீங்க.

கடைசியா ராமேஸ்வரம். "பக்கம்தானே, போயிட்டு அன்னைக்கே வந்துரலாம்"னு ரெண்டு நாள் பிளானுக்குள்ள அதையும் திணிக்கிறாங்க. போக மட்டும் 170 கிலோமீட்டர், அங்கயும் மத்தியானம் நடை சாத்துவாங்க, 22 தீர்த்தம் குளிச்சு ஈரத்துணியோட சன்னதிக்குள்ள போக முடியாது, மாத்துத் துணி வேணும், அப்புறம் தனுஷ்கோடி. ஒரு ராத்திரி அங்க தங்குறதா இருந்தா மட்டும் போங்க. அப்படிப் போனா வழியில ராமநாதபுரத்துல எறங்குங்க, எல்லாரும் வண்டிய நிறுத்தாமலே தாண்டிப் போற ஊர் அது. அந்த ஊர ஆண்ட சேதுபதி ராஜாக்களோட ராமலிங்க விலாசம் அரண்மனை அங்க இருக்கு, சுவர் பூரா ஓவியம், ராமாயணம் ஒரு பக்கம், தஞ்சாவூர் மராட்டியரோட நடந்த சண்டை ஒரு பக்கம். ஃபிளாஷ் போடாம, சுவர்ல சாயாம, கைய வைக்காம பாருங்க, நிறம் இன்னும் கொஞ்ச காலத்துக்கு நிக்கட்டும்.