பெரிய மிக்ஸர் வாங்கும் முன் ஆக்ஸை எண்ணுங்கள்

கச்சேரிக்கு இப்போதுள்ள மிக்ஸரின் 12 சேனல் (ஒலி உள்ளே வரும் வழிகள்) போதவில்லை, பெரிய அனலாக் மிக்ஸருக்குப் போகலாம் என்று நினைக்கிறீர்களா? பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பிக் காசு கொடுத்துவிடாதீர்கள். யமஹா எம்ஜி16எக்ஸ்யூ 16 சேனல் மிக்ஸர்தான். ஆனால் அதில் 10 மைக் மட்டுமே செருகலாம். மீதி இடமெல்லாம் கீபோர்டு, லேப்டாப் போன்ற லைன் இன்புட்டுக்கு. மெல்லிசைக் கச்சேரியில் பாடகர்கள் 4 பேர், தபேலாவுக்கு 2 மைக், டோலக்குக்கு 2, புல்லாங்குழலுக்கு 1 என்றாலே ஒன்பது. டிரம்ஸுக்கு எங்கே போவது?

அதைவிட முக்கியம் ஆக்ஸ், அதாவது கூட்டத்துக்குப் போகும் ஒலியைத் தவிர, மிக்ஸரிலிருந்து தனிக் கலவையை வெளியே அனுப்பும் வழி. பாடகருக்கு ஒரு மானிட்டர் (மேடையில் அவர் தன் ஒலியைக் கேட்கும் ஸ்பீக்கர்), தாளவாத்தியக்காரருக்கு வேறு மானிட்டர் என்றால், ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு ப்ரீ-ஃபேடர் ஆக்ஸ் வேண்டும்; அதாவது, சேனலின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நகர்த்தினாலும் மாறாத ஆக்ஸ். ஃபேடரோடு சேர்ந்து மாறும் போஸ்ட்-ஃபேடராக இருந்தால், கூட்டத்துக்காக நீங்கள் ஃபேடரை ஏற்றும்போது மேடை மானிட்டரும் சேர்ந்து ஏறி விசிலடிக்கும். எக்கோவுக்கு ஒரு ஆக்ஸ் போய்விடும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். முழுக் கச்சேரிக்கு நான்கு ப்ரீ-ஃபேடர் ஆக்ஸாவது இல்லாவிட்டால், எத்தனை சேனல் இருந்தாலும் அந்த மிக்ஸரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

மேடையிலிருந்து மிக்ஸருக்குப் பல லைன்களை ஒன்றாகக் கொண்டுவரும் பழைய மல்டிகோர் கேபிளையும் பாருங்கள். அது 12 லைன்தான் என்றால் புதிய சேனல்கள் மேடைக்கு எட்டாது. அதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.