சென்னையில் குறைந்த செலவில் கலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் கலை ரசிக்கக் கை நிறையக் காசு வேண்டும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பல வருடங்களாக இந்த ஊரில் கச்சேரி, நாடகம், கண்காட்சி என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் டிக்கெட்டே வாங்காமல் பார்த்ததும் கேட்டதும்தான். என் காசு போனதெல்லாம் ஆட்டோவுக்கும், பசியில் எதையாவது வாங்கித் தின்றதற்கும், தேவையே இல்லாமல் எடுத்த முன்வரிசை டிக்கெட்டுக்கும்.

அந்த முன்வரிசைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர், ஜனவரியில் சபாக்களில் நடக்கும் மார்கழி இசை சீசனுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு பெரிய வித்வானின் மாலைக் கச்சேரியைப் பிடித்து, இருப்பதிலேயே விலை கூடிய டிக்கெட்டை வாங்கி, அதோடு சீசனை முடித்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சம்பளம் வந்த கையோடு ஒரு சபாவில் இரண்டாவது வரிசை டிக்கெட் எடுத்தேன். ஓரத்து நாற்காலி, நேர் எதிரே ஸ்பீக்கர். இரண்டரை மணி நேரமும் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடந்தலைச் சத்தம் காதில் இடித்துக்கொண்டே இருந்தது, பாடியவரின் குரல் எங்கோ பின்னால் கேட்டது. அடுத்த வாரம் அதே அரங்கில் பால்கனியில், ரொம்பக் குறைந்த விலையில் உட்கார்ந்தேன். குரல், வயலின், மிருதங்கம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வந்து விழுந்தன. அன்றிலிருந்து மேல்தளம்தான் என் இடம்.

மாலையை மட்டுமே நம்பி இருப்பதும் தவறு. பல சபாக்களில் காலையிலும் மதியமும் நடக்கும் கச்சேரிகளுக்கு டிக்கெட் வாங்கத் தேவையில்லை. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமியிலேகூட, காலை எட்டு மணி வாக்கில் நடக்கும் லெக்டெம்மில், அதாவது பாடிக்காட்டி விளக்கும் உரையில், போய்ச் சும்மா உட்காரலாம். ராகம் தெரியாது, தாளம் தெரியாது என்று தயங்குபவர்கள் முதலில் போகவேண்டிய இடமே அதுதான், ஒரு ராகத்தை ஒருவர் பிரித்துப் பிரித்துக் காட்டும்போது காது தானாகப் பழகும்.

மதியக் கச்சேரியில் எதிரில் இருபது பேர் இருந்தாலே பெரிது. ஒரு டிசம்பர் மதியம் மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கில், பாடிய பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது, மிருதங்கம் வாசித்த பையன் அவளைவிடச் சின்னவன். தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி, தொடங்கியதும் வழக்கம்போல நாலைந்து பேர் கேன்டீனுக்கு எழுந்தார்கள். அந்தப் பையன் ஒரு நொடி நிமிர்ந்து அவர்கள் முதுகைப் பார்த்தான், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மாமி விரல் எண்ணித் தாளம் போட ஆரம்பித்தார், அவரைப் பார்த்து நான், என்னைப் பார்த்து இன்னொருவர். கடைசிக் கோர்வை, அதாவது முடிவுச் சொற்கட்டு, தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து விழுந்தபோது மீதியிருந்த எல்லோருடைய கையும் தொடையில் ஒரே நேரத்தில் விழுந்தது. தயவுசெய்து தனிக்கு எழுந்து போகாதீர்கள். காபி பத்து நிமிடம் கழித்தும் கிடைக்கும்.

கேன்டீன் பற்றியும் சொல்லவேண்டும். சீசன் கேன்டீனில் இலை போட்டுச் சாப்பிடுவது ஒரு தனி சுகம், ஒரு நாள் கட்டாயம் போங்கள். தினமும் போனால் சாப்பாட்டுச் செலவு டிக்கெட் செலவைத் தாண்டிவிடும். ஆட்டோ அதைவிட மோசம். ஒரே நாளில் தி. நகரில் ஒன்று, மயிலாப்பூரில் ஒன்று, திருவான்மியூரில் ஒன்று என்று ஓடுகிறவர்களுக்குக் கச்சேரி கேட்ட நேரத்தைவிட டிராஃபிக்கில் நின்ற நேரம்தான் அதிகம். ஒரு நாளைக்கு ஒரு வட்டாரம் போதும். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில்தான் இருக்கின்றன, நடந்தே போய்விடலாம். மயிலாப்பூரில் லஸ் பக்கம் போகப் பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினால் போதும். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் பயணம் இலவசம்.

அடுத்தது, விசாரிக்காமல் கிளம்புவது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. குழந்தைகளோடு வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை, அவ்வளவு தூரம் போய் ஏமாந்தால் ஒரு நாளே போய்விடும்.

அருங்காட்சியகத்துக்குள் போனபிறகு செய்கிற தவறு இன்னும் பெரியது. 1851இல் தொடங்கிய இடம், கட்டடங்களே பல. நுழைவுக் கட்டணம் கொடுத்தாயிற்று, எல்லாவற்றையும் பார்த்துவிடவேண்டும் என்று திமிங்கல எலும்புக்கூட்டில் ஆரம்பித்து நாணயம் வரை ஓடி, வெண்கலச் சிலைக்கூடத்துக்கு வரும்போது கால் கடுக்க, பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறோம். நான் இப்போதெல்லாம் நேராக அந்தக் கூடத்துக்குத்தான் போகிறேன், அதிலும் ஒன்றிரண்டு சிலைகள்தான். திருவெண்காட்டு அர்த்தநாரியை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் சிவன், இரண்டு கை. இடப்பக்கம் உமை, ஒரே கை. வலப்பக்க ஆடை தொடையோடு நிற்கிறது, இடப்பக்க ஆடை கணுக்கால் வரை இறங்குகிறது. இடை ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் வளைந்து. இரண்டு உடம்பு ஒட்டவைத்ததுபோல எங்கேயும் தெரியவில்லை, அந்தக் கோடு எங்கே மாறுகிறது என்று தேடிக்கொண்டு அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி, கடைசியில் மண்ணை உடைத்து எடுத்தது. அச்சு உடைந்துவிடுவதால் அதே வார்ப்பில் இன்னொன்று கிடையாது. அடுத்து திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நில்லுங்கள். அதன் புகைப்படங்களைப் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோதான் மனம் கரைந்து எழுதியிருக்கிறார். நமக்கோ அது ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் இருக்கிறது.

ஓவியக் கண்காட்சிக்குப் போகக் கூச்சப்படுவதும் நிறையப் பேரிடம் இருக்கிறது. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி வாசலில் நின்று எட்டிப்பார்த்துவிட்டு, "வாங்கச் சொல்வாங்களோ" என்று திரும்பிப்போகிறவர்கள் உண்டு. யாரும் சொல்லமாட்டார்கள். ஓவியர் அங்கேயே உட்கார்ந்திருந்தால் ஒரு படத்தைக் காட்டி ஏன் இப்படி வரைந்தீர்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் ஆசையாகப் பேசுவார்கள். ஈ.சி.ஆர். பக்கம் போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் ஓவியர்களே சேர்ந்து உருவாக்கிய கிராமம், மெழுகு பூசிச் சாயமேற்றும் பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று அந்தக் காசில் நிமிர்ந்தவர்கள். தோட்டத்துச் சிற்பங்களுக்கு நடுவே ஒரு மாலை முழுக்க இருக்கலாம்.

கலை என்றால் மயிலாப்பூரும் டிசம்பரும்தான் என்று நினைப்பது எனக்கு வருத்தம் தருகிற தவறு. பொங்கல் நேரத்தில் சென்னை சங்கமம் நடக்கிறது. 2007இல் தொடங்கி, நடுவில் நின்று, 2023இல் மறுபடி வந்தது. பறை, கரகம், ஒயில், தெருக்கூத்து எல்லாம் பூங்காவிலும் மைதானத்திலும், டிக்கெட் இல்லாமல். ஆனால் அங்கே நாம் என்ன செய்கிறோம்? போனைத் தூக்கிப் பிடித்து அரை நிமிடம் படம் எடுத்துவிட்டு பஜ்ஜிக் கடைக்கு நகர்கிறோம். இலவசம் என்பதால் அது சும்மா நடக்கிற வேடிக்கை ஆகிவிடாது. கூத்துக்காரர் முகத்துக்கு அரிதாரம் பூசி முடிக்கவே நேரம் ஆகும், கொஞ்சம் முன்னாலேயே போய் அதையும் பாருங்கள். முடிந்ததும் கலைஞரிடம் போய் எந்த ஊர் என்று விசாரியுங்கள். சின்ன நாடகக் குழுக்கள் வாசலில் பெட்டி வைத்திருந்தால் ஆட்டோவில் மிச்சம் பிடித்த காசில் ஐம்பது ரூபாயாவது போடுங்கள், அடுத்த நாடகம் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

அப்புறம், மார்கழியில் ஒரு நாளாவது விடிவதற்கு முன் கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிக்குப் போகாமல் விடுவது. கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் பாடிக்கொண்டே வலம் வந்த தெருக்களில் இன்றும் பஜனை போகிறது. பனியில் மஃப்ளர் கட்டிய பெரியவர்கள், ஜால்ரா, நடுவில் ஓடும் குழந்தைகள். கோலம் போடுகிறவர்கள் புள்ளியிலிருந்து கையை எடுக்காமலே இரண்டு வரி கூடப் பாடுவார்கள். பின்னால் சேர்ந்து நடங்கள், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.