டெம்ப்ளேட் நகல்கள்: லிங்கர் கத்தினால் தப்பித்தோம்

சி++ நிரலின் தனித்தனியாக கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்புகளை லிங்கர் ஒன்றாக இணைக்கும்போது ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ (ஒரே பெயருக்குப் பல வரையறைகள்) என்று திரை நிறையக் கொட்டினால், பலரும் முதலில் பழி போடுவது, பல வகைத் தரவுக்கும் பொருந்தும்படி ஒரே முறை எழுதும் அச்சான டெம்ப்ளேட்டின் மேல்தான். பாவம், அதன் மேல் தப்பில்லை. ஒரே டெம்ப்ளேட் ஹெடரை இருபது கோப்புகள் இன்க்ளூட் செய்து ஒரே வகைக்குப் பயன்படுத்தினால் இருபது ஆப்ஜெக்ட் கோப்பிலும் நகல் இருப்பது வழக்கம்தான். கம்பைலர் அவற்றை ‘வீக்’ (பல நகல் இருந்தாலும் பரவாயில்லை) என்று குறித்துவிடும். லிங்கர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடும்.

அப்புறம் எர்ரர் எங்கிருந்து வருகிறது? அநேகமாக முழு ஸ்பெஷலைசேஷனிலிருந்து. டபுள் என்ற தசம எண் வகைக்கு மட்டும் வேறு மாதிரி வேண்டும் என்று, டெம்ப்ளேட் என்ற சொல்லுக்குப் பின் வெறும் கோண அடைப்பு போட்டு, ஹெடரிலேயே தனி உடல் எழுதுகிறோம். பார்வைக்கு அது டெம்ப்ளேட். லிங்கருக்கோ சாதாரண ஃபங்ஷன். பல கோப்புகளில் நகல் இருக்க அனுமதிக்கும் ‘இன்லைன்’ என்ற சொல்லை மூல டெம்ப்ளேட்டில் போட்டிருந்தாலும் அது இதற்கு ஒட்டாது, தனியாகப் போட வேண்டும். இல்லையென்றால் ஹெடரில் அறிவிப்பை மட்டும் விட்டு, உடலை ஒரே ஒரு சிபிபி கோப்புக்கு மாற்றுங்கள். லினக்ஸில் சந்தேகம் வந்தால் ஆப்ஜெக்ட் கோப்பை, அதிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கருவியில் ஓட்டிப் பாருங்கள். வீக் நகலுக்குப் பக்கத்தில் டபிள்யூ என்ற எழுத்து இருக்கும். நிரலின் கட்டளைப் பகுதியான டெக்ஸ்ட்டைக் குறிக்கும் டி இரண்டு கோப்புகளில் ஒரே பெயருக்கு நின்றால், ஆள் அகப்பட்டது.

இந்த இடத்தில் சிலர் பல வரையறைகளை அனுமதிக்கும் ‘மல்டெஃப்ஸ்’ ஃப்ளாக்கைப் போட்டு லிங்கரின் வாயை அடைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கத்துகிற எர்ரர் நல்ல எர்ரர்.

கத்தாததுதான் ஆளைக் கொல்லும். இரண்டு சிபிபி கோப்புகளில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், நோட் என்று ஆளுக்கொரு ஸ்ட்ரக்ட் எழுதுகிறார்கள். ஒன்று 8 பைட், மற்றது 24. இருவரும் அதை வெக்டர் என்ற பட்டியல் டெம்ப்ளேட்டில் போடுகிறார்கள். வெக்டரில் சேர்க்கும் புஷ்பேக் ஃபங்ஷனுக்கு லிங்கர் பார்க்கும் பெயர் (சிம்பல்) இரண்டுக்கும் ஒன்றே, இரண்டுமே வீக். லிங்கர் ஒன்றைப் பேசாமல் எடுத்துக்கொள்ளும். மற்றவரின் நினைவகம் தப்பான அளவில் நகரும். வேகத்துக்கான ஓ2 ஃப்ளாக்கில், ஃபங்ஷன் உடல் அழைத்த இடத்திலேயே பதிந்து (இன்லைன் ஆகி) தப்பித்தது டீபக் பில்டில் வெடிக்கலாம். கோப்புகளின் வரிசையை மாற்றினால் இடம் மாறியும் வெடிக்கும். ஒரு கோப்புக்கு மட்டுமான வகைகளைப் பெயரில்லாத நேம்ஸ்பேஸுக்குள் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஃப்ளாக் வேறுபாடும் இதே ரகம். வேகத்துக்காக ஒரு கோப்பை மட்டும் ஏவிஎக்ஸ்2 (பழைய சிபியுக்களில் இல்லாத கட்டளைகள்) போட்டு கம்பைல் செய்கிறோம். அதிலுள்ள டெம்ப்ளேட் நகலை லிங்கர் தேர்ந்தெடுத்துவிட்டால், பழைய சிபியுவில் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று நிரல் சாகும். ஜிசிசி கம்பைலரில் எல்டிஓ (லிங்க் நேரத்தில் எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் பார்க்கும் முறை) போட்டு பில்ட் செய்தால் ஸ்ட்ரக்ட் முரண்களுக்கு ஓடிஆர் (ஒரு பெயருக்கு ஒரே வரையறை என்ற விதி) எச்சரிக்கை தானாகவே வரும். ஃப்ளாக் முரணுக்கு அதை நம்ப முடியாது. அந்தக் கோப்பில் பொது டெம்ப்ளேட்டுகளை முடிந்தவரை தொடாமல் இருப்பதே வழி.

நகல்களால் பில்ட் நேரம்தான் பிரச்சினை என்றால், இங்கே நகல் உருவாக்க வேண்டாம் என்று சொல்லும், சி++11-இல் வந்த ‘எக்ஸ்டர்ன் டெம்ப்ளேட்’ போதும். ஆனால் ஏதாவது ஒரு சிபிபியில் அதை வெளிப்படையாக இன்ஸ்டன்ஷியேட் செய்ய (நகலை உருவாக்கச் சொல்ல) மறந்தால், ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ (வரையறை இல்லை) வந்து நிற்கும்.