போஸ்ட்கிரெஸில் சொந்த டைப்புக்கு வேகமான வரிசையாக்கம்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்காகச் சி மொழியில் எழுதிய 16 பைட் டைப் (தரவு வகை) ஒன்றை வரிசைப்படுத்த, பி-ட்ரீ ஆபரேட்டர் கிளாஸில் (டைப்பை இண்டெக்ஸ் எப்படி ஒப்பிட வேண்டும் என்று சொல்லும் தொகுப்பில்) சப்போர்ட் ஃபங்ஷன் 1, அதாவது ஒப்பீட்டு ஃபங்ஷன், கட்டாயம் வேண்டும். அது இரண்டு மதிப்புகளை ஒப்பிட்டு, முதல் மதிப்பு சிறியதென்றால் எதிர்ம எண், சமமென்றால் 0, பெரியதென்றால் நேர்ம எண் தர வேண்டும். 64 பிட் எண்களைக் கழித்து விடையைத் தருவது பழைய தப்பு; விடை 32 பிட்டுக்குள் வெட்டுப்பட்டுக் குறி புரண்டுவிடும். முன்பு −2147483648-ஐயும் திருப்பித் தரக்கூடாது என்ற விதி இருந்தது. இறங்குவரிசைக்குக் குறியை மாற்றும்போது அது மாறாமல் நின்றதே காரணம்; 2018-இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. நல் (NULL, மதிப்பே இல்லாத இடம்) பற்றிக் கவலை வேண்டாம், போஸ்ட்கிரெஸ் எஞ்சினே பார்த்துக்கொள்ளும்.

இதோடு வேலை நடக்கும், ஆனால் ஒவ்வொரு ஒப்பீடும் எஸ்க்யூஎல் ஃபங்ஷன் அழைப்பாகப் போவதால் மெதுவாக நடக்கும். அதைத் தவிர்க்கத்தான் போஸ்ட்கிரெஸ் 9.2-ஆம் பதிப்பில் சப்போர்ட் ஃபங்ஷன் 2, அதாவது சார்ட்சப்போர்ட், வந்தது. எஞ்சின் தரும் ஸ்ட்ரக்சரில் உங்கள் சி ஒப்பீட்டு ஃபங்ஷனின் முகவரியை எழுதிவிட்டால் போதும்.

உண்மையான லாபம் 9.5-இல் வந்த சுருக்கச் சாவியில், அதாவது முழு மதிப்புக்குப் பதில் முதலில் ஒப்பிடப்படும் அதன் சிறிய வடிவத்தில், இருக்கிறது. எஞ்சின் சுருக்கம் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். கேட்டால் அந்த ஸ்ட்ரக்சரில் நான்கு ஃபங்ஷன்களுக்கான இடங்களை நிரப்ப வேண்டும்: சுருக்கங்களை ஒப்பிடுவது, சுருக்கத்தை உருவாக்குவது, பலனில்லை என்றால் சுருக்கத்தைக் கைவிடுவதா என்று முடிவு செய்வது, முழு ஒப்பீடு. முதல் 8 பைட்டை டேட்டமாக்கி (எஞ்சின் மதிப்புகளைக் கையாளும் எண் வடிவமாக்கி), பைட் வரிசையைத் திருப்புங்கள். திருப்பாவிட்டால் இன்டெல் கணினியில் எட்டாவது பைட்தான் முதலில் ஒப்பிடப்படும். குறியில்லா எண்களுக்கு எஞ்சினே வைத்திருக்கும் ஒப்பீட்டு ஃபங்ஷனையே கொடுங்கள். 15-ஆம் பதிப்பு முதல் அதற்கென்று தனி குவிக்சார்ட் (வேகமான வரிசையாக்க முறை) இருக்கிறது.

கைவிடுவதா என்று முடிவு செய்யும் ஃபங்ஷனின் இடத்தைக் காலியாக விட்டால், சில வரிகள் மட்டும் உள்ள சோதனை தேறிவிடும். 10 வரிகள் சேர்ந்த பிறகுதான் எஞ்சின் அதை முதன்முதலாக அழைக்கும். சர்வர் அங்கே செயலிழந்து விழும்.

சுருக்கங்கள் சமமென்றால் முழு ஒப்பீடு நடக்கும். சமமில்லை என்றால் அந்த விடையே இறுதி, ஆகவே அது முழு ஒப்பீட்டோடு முரண்படவே கூடாது. சில ஜிலிப்சி (glibc, லினக்ஸின் சி நூலகம்) பதிப்புகளில் இப்படி முரண்பாடு தெரிந்ததால்தான் 2016-இல் 9.5.2, சி தவிர்த்த லொக்கேல்களில் (மொழிக்கேற்ற வரிசை விதிகளில்) டெக்ஸ்ட்டுக்கான சுருக்கத்தை நிறுத்தியது. பாதித்திருக்கக்கூடிய இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்ய, அதாவது புதிதாகக் கட்ட, வேண்டியிருந்தது. இந்தக் கோளாறு எரர் காட்டாது. இருக்கும் வரி தேடலில் கிடைக்காமல் போகும், அவ்வளவுதான்.

ஒப்பீட்டு விதியை மாற்றினால் அந்த டைப்பின் எல்லா இண்டெக்ஸ்களையும் ரீஇண்டெக்ஸ் செய்து, இண்டெக்ஸ்களைச் சோதிக்கும் ஏஎம்செக் (amcheck) எக்ஸ்டென்ஷனால் சரிபாருங்கள்.