பழைய ஸ்பீக்கர் கோன் எதனால் ஆனது? பசையை எடுப்பதற்கு முன் பாருங்கள்

பழைய ஸ்பீக்கர் டிரைவரை (பெட்டிக்குள் ஒலி எழுப்பும் பகுதியை) சரிசெய்ய உட்கார்ந்தால் பலரும் முதலில் பசையைத்தான் தேடுகிறார்கள். முதலில் கோனை, அதாவது டிரைவரில் அதிரும் கூம்பைப் பாருங்கள். காகிதத்துக்கு ஒத்துவரும் திரவம் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடலாம்.

1. டிரைவரைக் கழற்றி, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் துடையுங்கள். வாக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம். உறிஞ்சும் வேகத்தில் நடுமூடியும் விளிம்பும் கிழிந்துபோகும்.

2. எனக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான்: பின்பக்கம் பார்ப்பது. 1960, 70களில் வந்த பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக் கோன்களில் அதிர்வை அடக்க ஒரு பூச்சு தடவியிருப்பார்கள். அதனால் முன்பக்கம் பூச்சுக் காகிதம் போலவே தெரியும். சட்டத்தின் இடைவெளிகள் வழியாகச் சின்ன எல்இடி டார்ச் அடியுங்கள். நார் நாராகத் தெரிந்தால் காகிதம். வழவழவென்று கெட்டியாக இருந்தால் பிளாஸ்டிக்.

பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் பெட்டியிலிருந்த, கெஃப் நிறுவனத்தின் பி110 டிரைவரின் கோன் பெக்ஸ்ட்ரீன்தான். காகிதம் ஈரத்தை உறிஞ்சும், ஒரு கோன் போல மறுகோன் அமையாது என்பதால்தான் பிபிசி பொறியாளர்கள் பிளாஸ்டிக்கை நாடினார்கள். அங்கே பணியாற்றிய டட்லி ஹார்வுட் அடுத்துப் பாலிபுரொப்பிலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக்குக்குப் போனார். 1977இல் ஹார்பெத் ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கினார்.

3. நகத்தால் மெல்லத் தட்டுங்கள். பெக்ஸ்ட்ரீன் 'டக்' என்று கெட்டியாக ஒலிக்கும். பாலிபுரொப்பிலீன் மந்தமாக ஒலிக்கும், தொட்டால் மெழுகுபோல் வழுக்கும். காகிதத்தில் உலர்ந்த சத்தம் வரும். கோன் தட்டையாகவே இருந்தால் கெஃப் பி139ஆக இருக்கலாம்: அலுமினியத் தகடு ஒட்டிய பாலிஸ்டைரீன் நுரை.

4. இப்போது பசை. காகிதக் கிழிசலுக்குத் தண்ணீர் கலந்த பிவிஏ பசையும் (வெள்ளை மரப்பசை) டிஷ்யூ துண்டும் போதும், பின்பக்கம் ஒட்டுங்கள். சூப்பர் குளூ எனக்குப் பிடிக்காது, இறுகி அந்த இடமே விறைத்துவிடும். பெக்ஸ்ட்ரீன், பாலிஸ்டைரீன் நுரை பக்கம் அசிட்டோனோ தின்னரோ வரவே கூடாது. பாலிபுரொப்பிலீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, உரிந்து வந்துவிடும்.

பின்சேர்க்கை: பூச்சில் தூசி ஒட்டியிருக்கிறதே, துடைத்து எடுக்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எடுக்காதீர்கள். அந்தப் பூச்சும் ஒலி வடிவமைப்பில் ஒரு பகுதி, போனால் ஒலியும் மாறும். அப்புறம், உளுத்த நுரை விளிம்பை மாற்றும்போது பழைய பசையைப் பிளாஸ்டிக் கத்தியால் உலர்வாகவே சுரண்டுங்கள். ஆல்கஹால் அந்தப் பூச்சை இளக்கக்கூடும்.