செயற்கைக்கோளின் வேகத்தை நீங்களே கணக்கிடுவது எப்படி?

செயற்கைக்கோள் ஏன் கீழே விழுவதில்லை என்று கேட்டால், "அங்கே ஈர்ப்பு விசை இல்லை" என்பவர்கள் இன்னும் ஏராளம். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியின் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் ஏறக்குறைய 89 விழுக்காடு இருக்கிறது. புவி அதை ஓயாமல் இழுக்கிறது, அதுவும் ஓயாமல் விழுகிறது. ஆனாலும் தரையைத் தொடாமல் இருப்பதற்கு அதன் பக்கவாட்டு வேகம்தான் காரணம். அந்த வேகத்தை ஒரு காகிதமும் பேனாவும் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: விழுவதையும் நகர்வதையும் பிரித்துப் பாருங்கள்

மேசை விளிம்பில் இரண்டு நாணயங்களை வையுங்கள். ஒன்றை வேகமாகச் சுண்டிவிடும் அதே கணத்தில் மற்றதை மெல்லத் தள்ளிவிடுங்கள். ஒன்று தூரத்திலும் மற்றது மேசைக்கு அருகிலும் விழும். ஆனால் இரண்டும் தரையில் மோதும் ஓசை ஒன்றாகவே கேட்கும். பக்கவாட்டில் எவ்வளவு வேகமாகப் போனாலும், விழுவது தன் போக்கில்தான் நடக்கும். இதைச் செய்து பார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கின்றன.

படி 2: தரை எவ்வளவு தாழ்கிறது?

விடப்பட்ட பொருள் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழும். புவி உருண்டை என்பதால், நேர்கோட்டில் போகப்போகத் தரையும் நமக்குக் கீழே தாழ்ந்துகொண்டே போகும். எவ்வளவு என்று அறிய, போன தூரத்தின் வர்க்கத்தைப் புவியின் விட்டமான 12,742 கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். 7.9 கிலோமீட்டர் போனால் 62.41 ÷ 12,742 = 0.0049 கிலோமீட்டர், அதாவது அதே 4.9 மீட்டர்!

நொடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பொருள் விழும் அளவுக்கே தரையும் தாழ்ந்துவிடுகிறது. காற்றும் மலைகளும் இல்லாவிட்டால் தரையை ஒட்டியே ஒரு செயற்கைக்கோள் சுற்றலாம். உயர்ந்த மலையுச்சியில் பீரங்கியை வைத்துச் சுடுவதாகக் கற்பனை செய்து, நியூட்டன் 17ஆம் நூற்றாண்டிலேயே எட்டிய முடிவு இது.

படி 3: உயரத்துக்கு ஏற்ற வேகம்

398600 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு மாறிலியையும் புவியின் நிறையையும் பெருக்கி, கிலோமீட்டர், நொடி அலகுகளுக்கு மாற்றினால் கிடைப்பது இது. இதைத் தூரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், வட்டப்பாதையில் சுற்றத் தேவையான வேகம் கிடைக்கும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். தூரம் என்பது தரையிலிருந்து உள்ள உயரம் அல்ல, புவியின் மையத்திலிருந்து உள்ள தொலைவு. செய்திகளில் வருவது எப்போதும் உயரம் மட்டுமே என்பதால் கை தானாகவே 400 என்று எழுதிவிடுகிறது. அப்படிப் போட்டால் நொடிக்கு 31.6 கிலோமீட்டர் என்று வரும். தரையிலிருந்து புவியை விட்டே தப்பிக்க 11.2 போதும் எனும்போது இந்த விடை சரியாக இருக்க முடியாது. புவியின் ஆரமான 6371ஐக் கூட்டி 6771 என்று போடுங்கள். 398600 ÷ 6771 = 58.87. வர்க்கமூலம் 7.67. விண்வெளி நிலையத்தின் உண்மையான வேகம் இதுதான். புவியைச் சுற்றும் எந்த வட்டப்பாதைக்கும் விடை 7.9ஐத் தாண்டினால், ஆரத்தைக் கூட்டினீர்களா என்று முதலில் பாருங்கள்.

படி 4: ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்?

பாதையின் சுற்றளவு 2 × 3.1416 × 6771 = 42,543 கிலோமீட்டர். வேகத்தால் வகுத்தால் சுமார் 5,545 நொடிகள், அதாவது 92 நிமிடங்களும் சில நொடிகளும்.

இதை எக்செல் அல்லது லிப்ரே ஆபிஸ் விரிதாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைக் கொடுத்தால் விடையை மட்டும் காட்டும் இணையக் கணிப்பான்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த எண் எங்கே போகிறது என்பது கண்ணில் படாவிட்டால் எதுவும் மனத்தில் தங்காது. உயரத்தை 20,200 என்று மாற்றினால் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் 11 மணி 58 நிமிடம் வரும். 35,786 போட்டு, அது நிலநடுக்கோட்டுக்கு மேலே உள்ள பாதை என்பதால் ஆரத்தை 6378 ஆக்கினால், வேகம் 3.07, நேரம் 23 மணி 56 நிமிடம். புவி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரம் அது. அதனால் அங்கே சுற்றும் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள் நமக்கு வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். டிஷ் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருக்கத் தேவையில்லாததன் காரணம் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

கணக்கில் செயற்கைக்கோளின் எடை எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? 360 கிலோ ஆரியபட்டாவாக இருந்தாலும் 400 டன்னுக்கு மேற்பட்ட விண்வெளி நிலையமாக இருந்தாலும், ஒரே உயரத்துக்கு ஒரே வேகம்தான்.

படி 5: மேலே போக வேண்டுமானால்

மேலே போகப்போக வேகம் குறைகிறது. அப்படியென்றால் உயரப் போவதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டுமா? இல்லை, கூட்ட வேண்டும். 400 கிலோமீட்டரிலிருந்து 500க்குப் போவதாக வைத்துக்கொள்வோம். உந்துபொறியை இயக்கி நொடிக்கு 28 மீட்டர் கூட்டினால் பாதை நீள்வட்டமாகி, எதிர்ப்பக்கம் 500ஐத் தொடும். ஏறும் வழியில் ஈர்ப்பு நொடிக்கு 112 மீட்டரைப் பறித்துக்கொள்ளும். உச்சியில் இன்னொரு 28ஐக் கூட்டினால் பாதை வட்டமாகும். மொத்தம் 56 கூட்டியும், தொடங்கியதைவிட 56 குறைவான வேகத்தில்தான் நிற்போம்.

1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தில் சென்ற வீரர் ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களைச் சுமந்து வந்த ராக்கெட்டின் மேலடுக்கை நெருங்க முயன்றார். அதை நோக்கிக் கலத்தைத் திருப்பி உந்தினார். ஆனால் இடைவெளியைக் கட்டுக்குள் கொண்டுவர முடியவில்லை. எரிபொருள் கரையவே, முயற்சி கைவிடப்பட்டது. முன்னால் போகும் ஒன்றைப் பிடிக்க அதை நோக்கி உந்தினால், நம் பாதை உயர்ந்து, சுற்று நேரம் கூடி, பின்தங்கிவிடுவோம். கீழே இறங்கிக் குறுகிய பாதையில் முந்தி வந்து, பிறகு ஏற வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6ஏ அப்படித்தான் தாழ்ந்த பாதையிலிருந்து வந்து ஜெமினி 7ஐ ஓர் அடி நெருக்கம் வரை அணுகியது.

பின்சேர்க்கை: ஈர்ப்பு 89 விழுக்காடு இருந்தும் வீரர்கள் ஏன் மிதக்கிறார்கள் என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். கலமும் அவர்களும் ஒன்றாக விழுவதால், அவர்களைத் தாங்கித் தள்ளும் தரை அங்கே இல்லை.

எரிபொருள் இல்லாமலே சுற்றலாம் என்றால் விண்வெளி நிலையத்தை ஏன் அடிக்கடி மேலே தள்ளுகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. 400 கிலோமீட்டரிலும் மெல்லிய காற்று உண்டு. அது உரசி உரசி நிலையத்தைக் கீழே இறக்குகிறது. விரிதாளில் 400ஐ 390 ஆக்கிப் பாருங்கள். காற்று தடுத்ததன் விளைவாக வேகம் கூடியிருக்கும். படி 5 தலைகீழாக நடப்பதுதான் இது.